இந்த நாய்க்குச் சோறு வைக்காதீர்கள்

எனக்கு நாய்கள் மேல் பிரியம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் நாய் வளர்த்தவள் என்று கேள்விப்பட்டதும் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் வீட்டு நாய் எப்படிச் செத்தது, அதன் பிறகு அவர் எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. நான் குட்டி வளர்க்க ஒத்துக்கொண்டதே கோபத்தில்தான்.

செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. இருபத்திரண்டு வருடங்களாக மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கிறேன். விசில் கழுத்தில் தொங்குமே தவிர அதை ஊதுவது அபூர்வம். ஒரு நாள் காலை, பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன டிரஸ்டிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். சத்தமே வராத பேச்சு. இரண்டு மாதக் குட்டியை ஒரு வீட்டில் ஒரு வருடம் வளர்க்க வேண்டும், உட்காரவும் காத்திருக்கவும் கூட்டத்தில் பயப்படாமல் நடக்கவும் பழக்க வேண்டும், அதன் பிறகு டிரஸ்ட் எடுத்துக்கொண்டு முழுப் பயிற்சி கொடுத்துக் கண் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கும் என்றார். தீனி, ஊசி, மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அவர் பேசி முடிக்கும்வரை எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எவ்வளவு பெரிய காரியம், புண்ணியம் சார், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்றார்கள். "உங்கள்ல யாராவது ஒருத்தர் வளர்க்க முடியுமா?" என்று அவர் கேட்டதும் பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையில் அப்படி என்னதான் இருந்ததோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்குப் புரிந்தது.

வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அவருக்குக் கமிட்டியில், அதாவது நெல்லும் மணிலாக்கொட்டையும் ஏலம் போகிற விற்பனைக்கூடத்தில், எடை போடுகிற வேலை. விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அத்தினி பேரு சும்மா குந்தினு இருந்தாங்கன்னு நீ ஒருத்தி வம்ப வாங்கினு வந்துட்டியா?"

"ஆமா. வாங்கினு வந்துட்டேன். இப்ப இன்னா அதுக்கு?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் சம்மதம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும்.

குட்டி ஒரு வேனில் வந்தது. லாப்ரடார். முதுகில் போட ஒரு நீலச் சட்டை, கழுத்துக்கு ஒரு வார், கையில் பிடிக்க ஒரு கயிறு, ஆறு பக்கத்துக்கு விதிகள். டிரஸ்ட் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. விதிகள் நிறைய இருந்தன, கட்டில் மேல் ஏறக் கூடாது, பந்தைத் துரத்தக் கூடாது என்று. முக்கியமான ஒன்றைப் பயிற்சியாளர் வாயாலேயே சொன்னார். வளர்ப்பவர் கையைத் தவிர வேறு யார் கையிலிருந்தும் அது எதையும் வாங்கித் தின்னக் கூடாது.

"ரோட்டைக் கடக்கிறப்ப யாராவது ஒரு பிஸ்கட்டை நீட்டினா இது அந்தப் பக்கம் திரும்பிடும் மேடம். இது பின்னாடி வர்றவங்களுக்குக் கண்ணு தெரியாது."

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்ததால் பகலில் குட்டி பள்ளியின் விளையாட்டு அறையில், கிழிந்த பாய்களுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவில் இருந்தது. பிள்ளைகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன், தொடக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது என்று. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பதினொரு வயதுப் பெண்ணுக்குப் புரிந்த இந்த விஷயம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் கடைசிவரை புரியவில்லை.

காரணம் குட்டியின் நிறம். முழுக் கருப்பு. ஒரு வெள்ளை மயிர்கூட இல்லை. எனக்கு அது கருப்பாக இருந்தால் என்ன, பழுப்பாக இருந்தால் என்ன. ஆனால் கருப்பு நாய் பைரவரின் வாகனம். தேய்பிறை அஷ்டமியிலும் சனிக்கிழமையிலும் கருப்பு நாய்க்குச் சோறு வைத்தால் சனி விலகும் என்று எல்லா ஜோசியரும் சொல்கிறார்கள். தெருவில் ஏற்கெனவே இரண்டு கருப்பு நாய்கள் இருந்தன. ஒன்றுக்கு உடம்பெல்லாம் சொறி, இன்னொன்றுக்குப் பாதிக் காது இல்லை. அவற்றைப் பார்த்து யாருக்கும் பைரவர் நினைவு வந்ததில்லை. என் குட்டியோ வாரம் ஒரு தடவை சோப்புப் போட்டுக் குளித்தது, சட்டை போட்டிருந்தது, இங்கிலீஷில் சொன்னால் உட்கார்ந்தது. இதைவிடத் தகுதியான பைரவர் செஞ்சி தாலுகாவில் கிடைப்பாரா?

முதலில் வந்தவள் எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு அறுபது வயதிருக்கும். மகனுக்கு முப்பத்து நான்கு வயதாகியும் பெண் அமையவில்லை. அவலூர்பேட்டை ஜோசியர் ஒருவர் நாற்பத்தெட்டு வாரம் கருப்பு நாய்க்குத் தயிர்சாதம் வைக்கச் சொல்லியிருந்தார். குட்டி வந்த முதல் சனிக்கிழமை காலையில் குளித்து ஈரத்தலையோடு, வாழையிலையில் சோற்றை ஏந்திக்கொண்டு என் கேட்டைத் திறந்தாள்.

"வைக்காதீங்க. இது சாப்பிடக் கூடாது" என்றேன்.

"ஒரு வாய்தான் டீச்சர்."

"ஒரு வாயும் கூடாது. கண்ணு தெரியாதவங்களுக்குப் போவற நாய் இது."

"யாருக்கு வேணா போவட்டும். இப்ப இங்கதான இருக்குது? பைரவருக்கு வைக்கறத தடுக்கிறியே, உனக்குப் பாவம் வராதா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். கேட்ட சாத்தினு போங்க."

இலையோடு திரும்பிப் போனாள். போகும்போது அந்தச் சோற்றைக் கொஞ்சம் வேண்டுமென்றே என் வாசலில் சிந்திவிட்டுப் போனாள் என்று நான் அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அது ஆரம்பம்தான். ஊரில் எத்தனை பேருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்பது எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது. வண்டி அடிக்கடி ரிப்பேர் ஆகிற ஆட்டோக்காரர், குரூப் பரீட்சையில் மூன்றாம் முறை தோற்ற பெண், மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகள், அடுத்த வாரம் அந்த மருமகளோடு ஒத்துப்போகாத மாமியார். நெய் தடவிய சப்பாத்தி, வெல்லச் சோறு, மில்க் பிஸ்கட், மிளகு போட்ட வடை. கேட்டுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். சுவர் மேல் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் நடைக்குக் கூட்டிப் போகும்போது குறுக்கே வந்து கையை நீட்டுவார்கள். என்னிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாய்க்கும் சாமிக்கும் நடுவில் நான் எதற்கு?

குட்டிக்கு நான்கு மாதமானபோது யாரோ சுவர் மேல் வைத்த நெய்ச்சோற்றை எட்டி இழுத்துத் தின்றுவிட்டது. மூன்று நாள் பேதி. விளையாட்டு அறையின் பாயில் தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது. கால்நடை மருத்துவமனையில் அதன் முன்னங்காலில் ஊசியைச் செருகி குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் அதன் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் மணிக்கட்டை நக்கியது. பிரியம் கிடையாது என்றேன் அல்லவா, அந்த மூன்று நாளை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பயிற்சியாளருக்குப் போன் செய்து தெருவைத் திட்டித் தீர்த்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்க நாய்க்குச் சொல்லிக் குடுங்க மேடம், ஜனங்களுக்கு வேணாம். யாராவது நீட்டினா அமைதியா 'லீவ் இட்' சொல்லுங்க. அது உங்க முகத்தைப் பாத்ததும் ஒரு உருண்டை தீனி குடுங்க. அவ்ளோதான். சண்டை போடாதீங்க."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அமைதியாக! வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் அமைதியாகச் சொல்லலாம். எங்கள் தெருவுக்கு வந்து ஒரு சனிக்கிழமை சொல்லிப் பார்க்கட்டும். அன்று மாலையே பெயிண்டரிடம் சொல்லி ஒரு தகரப் பலகை எழுதி வாங்கி கேட்டில் கட்டினேன். "இந்த நாய்க்குச் சோறு வைக்காதீர்கள்." சிவப்பு எழுத்து. இரண்டு நாளில் அந்தப் பலகைக்கு யாரோ மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அடுத்த அஷ்டமிக்குப் பலகை மேல் சாமந்தி மாலை தொங்கியது. நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். சாமி மாலையைச் சாக்கடையில் போட்டவள் என்று தெருவே ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த ஒரு மாதம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் சொல்வதை நிறுத்திக் கத்தத் தொடங்கினேன். யாருடைய கையாவது குட்டியின் பக்கம் நீண்டால் போதும், கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு அதட்டல். "கைய எடு!" நூறு மீட்டர் ஓட்டத்தில் தப்பாகப் புறப்பட்ட பிள்ளைகளை நிறுத்துவதற்கு நான் வைத்திருக்கிற குரல் அது. நன்றாகவே வேலை செய்தது. ஆட்டோக்காரர் பிஸ்கட்டைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். குரூப் பரீட்சைப் பெண் வேறு தெருவழியாகப் போக ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் பழக்க வேண்டும் என்பது விதி. ஓர் அமாவாசை மாலை குட்டியைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். மேல்மலையனூருக்குப் போகிற ஜனம் ஸ்பெஷல் பஸ்களில் முட்டி மோதி ஏறிக்கொண்டிருந்தது. குட்டிக்கு அப்போது ஏழு மாதம். ஹாரனுக்கும் மேளத்துக்கும் அது அசரவில்லை. என் இடது காலை ஒட்டி அழகாக நடந்தது. மஞ்சள் புடவை கட்டி வேப்பிலை செருகியிருந்த ஒரு பெண் அதைப் பார்த்ததும், "அங்காளம்மா, பைரவன எனக்கு எதிர்லயே அனுப்பினியா" என்று கீழே குனிந்து, பாதி தின்ற போண்டாவை நீட்டினாள்.

"கைய எடு!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்து போண்டா விழுந்தது. குட்டி என் கால்களுக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அதன் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போண்டா கிடந்தது. அது அதைப் பார்க்கவே இல்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி மாளாது. பையிலிருந்து இரண்டு உருண்டைத் தீனி எடுத்துக் கொடுத்து, "குட்" என்றேன். வீடு வரும்வரை எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

அன்று நாங்கள் தெருவுக்குள் நுழைவதை எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி அவளைக் கண்டதும் எனக்குப் பின்னால் போனது. அவள் கையில் அன்று சோறு இல்லை, முறம்தான் இருந்தது.

"உன் வாயக் கேட்டுக் கேட்டு நாயே மிரண்டு போயிருக்குது டீச்சர்" என்றாள்.

"உங்க சோத்தப் பாத்து மிரண்டிருக்குது" என்றேன்.

சரியான பதிலடி கொடுத்துவிட்ட திருப்தியில் கேட்டைச் சாத்தினேன். என் கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு எப்பப் பாரு கத்தினே இருக்கிற?" என்றார். அவருக்கும் ஒரு பதில் கிடைத்தது.

பயிற்சியாளர் மாதம் ஒரு தடவை வருவார். கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு தனியாகக் கூட்டிப் போவார். கடைத்தெரு, திருவண்ணாமலை ரோட்டின் லாரிகள், ஒரு தடவை ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டு, அங்கே குரங்குகள். திரும்பி வந்து ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்பார். பத்தாவது மாதம் வந்தபோது, இந்த வருடம் கொடுத்த குட்டிகளில் இதுதான் முதலில் தேறும் என்றார். விழுப்புரத்தில் ஒரு பெண் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார், அவருடைய நடைக்கும் உயரத்துக்கும் இது பொருந்தும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரட்டுமா என்று கேட்டார். எனக்கு முதுகு நிமிர்ந்தது. பதினான்கு பேர் தரையைப் பார்த்ததற்கும், தெருவே என்னைச் சபித்ததற்கும் சேர்த்துக் கிடைத்த பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் டிரஸ்ட் வேனில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத காட்டன் புடவை, கையில் வெள்ளைக் குச்சி. என் கணவர் கையைப் பிடித்து அழைத்துவரப் போனார். "புடிக்காதீங்க சார், முன்னாடி பேசினே போங்க, நான் வரேன்" என்றாள். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"காப்பி வேணாம் டீச்சர். நாய் எங்க?"

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வராந்தாவில் நாற்காலி போட்டேன். பயிற்சியாளர் கேட்காமலேயே அவள் சொல்லத் தொடங்கினாள். அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர், பதினொரு வருட சர்வீஸ். தினமும் அண்ணன் பைக்கில் கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறார். அவர் தை மாதம் துபாய்க்குப் போகிறார்.

"அவன் போயிட்டா நீ எப்பிடிப் போவ, வேலய வுட்டுட்டு வீட்ல இருன்னு சித்தி சொல்றாங்க. பரீட்ச எழுதி வாங்கின வேல டீச்சர். வீட்ல குந்தினு இன்னா பண்றது, அவங்க பாக்கற சீரியலுக்கு நான் காது குடுக்கறதா?"

"குச்சி வச்சினு போவ முடியாதா?" என்று கேட்டார் என் கணவர்.

"போயினுதான் இருந்தேன். கீழ இருக்கற பள்ளம் குச்சிக்குத் தெரியும் சார். மேல தொங்கற கம்பி தெரியாது." நெற்றியை மறைத்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். புருவத்துக்கு மேல் நீளமாக ஒரு தழும்பு.

இந்த நாய் தேறினால் அவள் வேலைக்குப் போவாள், தேறாவிட்டால் சித்தி வீட்டுச் சோபாவில் உட்காருவாள். அவ்வளவு நேரடியான விஷயம். குட்டி என் இடது காலருகே உட்கார்ந்திருந்தது. அவள் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, உள்ளங்கை மேலே தெரிய வலது கையை நீட்டினாள்.

அந்தக் கை வருவதை நான் பார்த்தேன். குட்டி எழுந்து என் பின்னால் போய் நின்றுகொண்டு குரைத்தது. சும்மா ஒரு குரைப்பு இல்லை. பல் தெரிந்தது. வராந்தாத் தகரம் அதிர்ந்தது.

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "என் கையில இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

பயிற்சியாளர் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை நீட்டச் சொன்னார். அவள் நீட்டினாள். இந்தத் தடவை குட்டி உறுமியது. அவள் கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"சோப்பு வாசனையா இருக்குமா? வேற சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வரட்டுமா?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க சார். அடுத்த நாய் எப்ப வரும்?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்" என்றார் பயிற்சியாளர்.

நான் பேச ஆரம்பித்தேன். இந்தத் தெரு ஜனங்கள்தான் சார் காரணம், காலையில் எழுந்தால் தயிர்சாதம், சாயந்திரம் ஆனால் வடை, கையை நீட்டி நீட்டி இந்த நாயை நாசமாக்கிவிட்டார்கள், நான் ஒருத்தி எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது. சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. குட்டி என் புடவைக் கொசுவத்துக்குள் முகத்தைப் புதைத்தது. பயிற்சியாளர் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கயித்தைக் குடுங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. அதோட கண்ணுல படாத மாதிரி, சத்தம் கேக்காத மாதிரி. எதிர்ப்பக்கம் போயிடுங்க."

எதிர்ப்பக்கம் என்றால் எதிர்வீடுதான். இந்தப் பக்கம் காலி மனையில் முள், அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர். நான் தெருவைக் கடந்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பத்து மாதத்தில் அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. கிரில் கதவு திறந்தது.

"வெயில்ல நிக்காத. உள்ள வந்து நில்லு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அவள் கொடியில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நின்று, விளிம்பை விலக்கி என் வீட்டைப் பார்த்தேன். குட்டி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்தார். அவர் ஏதோ சொல்ல, அந்தப் பெண்ணும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டாள். கையை முழங்கால் மேல் விரித்து வைத்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். குட்டி எழுந்தது. அவளைச் சுற்றி ஒரு முறை போனது. அந்தக் கையை முகர்ந்தது. வால் ஆட ஆரம்பித்து, பின்பாதி உடம்பே ஆடியது. பிறகு அவள் மடியில் தலையை வைத்துவிட்டது. அவள் அதன் காது, தாடை, கழுத்து, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. வழக்கம்போல யார் மேல் போடலாம் என்று தேடினேன். ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், நாற்பத்தெட்டு வாரத் தயிர்சாதக்காரி. விலக்கியிருந்த புடவை விளிம்பை விட்டேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அதற்காக அவள் மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை.

பயிற்சியாளர் ஒரு காகிதத்தோடு தெருவைக் கடந்து வந்தார். "நான் கூட்டிட்டுப் போறப்ப இது ஒரு நாளும் இப்படிப் பண்ணதில்லை மேடம். அதனாலதான் எனக்குத் தெரியல. அவங்க கை நீட்டினதும் நீங்க கயித்தை இழுத்தீங்க, மூச்சைப் புடிச்சீங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. நீட்டின கைன்னா ஆபத்துன்னு அதுக்கு நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க. நீங்க பக்கத்துல இல்லன்னா அந்தப் பயம் இல்ல."

"நான் மாத்திக்கறேன். இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே."

"அந்த ரெண்டு மாசத்துல இது ஊறிடும். இன்னிக்கே எடுத்துட்டுப் போனா சரி பண்ணிடலாம். உங்க கையெழுத்து வேணும்."

"உள்ள போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாம் மேடம். இப்பதான் அவங்க மடியில படுத்திருக்குது."

எதிர்வீட்டுக்காரியின் துணி துவைக்கும் கல்லில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இடது காதுக்கு மருந்து இன்னும் நாலு நாள் போட வேண்டும் என்றேன். மருந்து டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது, தீனி மூட்டை அடுப்படியில், இடி இடித்தால் மட்டும் சின்ன அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் தை மாதத்திலிருந்து நீண்ட விடுப்புப் போட்டு, டிரஸ்டிலேயே தங்கிப் பயிற்சி எடுத்தாள். இப்போது அந்த நாயோடு வேலைக்குப் போய் வருகிறாள். ஒரு தடவை போன் செய்து, வந்து பாருங்கள் டீச்சர் என்றாள். வருகிறேன் என்றேன். விழுப்புரத்துக்கு இங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது, நான் ஏறவில்லை.

அன்று, வேன் புறப்படும்வரை நான் புடவைக்குப் பின்னாலேயே நின்றேன். என் கணவர் தீனி மூட்டையைத் தூக்கி வந்து வேனில் வைத்தார். பிறகு நடுத்தெருவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்னைத் தேடினார். எதிர்வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை, அங்கே நான் இருப்பேன் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அந்தப் பெண் முதலில் ஏறினாள். நீலச் சட்டையோடு குட்டி அவள் பின்னால் தாவி ஏறியது. ஏறிய பிறகு ஜன்னலில் தலையை நீட்டித் தெருவைப் பார்த்தது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

வேன் முனையில் திரும்பியதும் எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "பத்து மாசம் வளத்துட்டு, கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இன்னா மனசு உனக்கு?"

"என் சத்தம் கேட்டா அவங்க கையப் பாத்து மறுபடியும் பயந்துக்கும்" என்றேன்.